கை முழுசும் விழணும்

பூங்குழலியின் முகம் என்னிடம் நாற்பத்தியொரு நிமிடம் இருக்கிறது.

கல்யாண வீடியோவை இதில் சேர்க்கவில்லை. அதில் அவள் யாரோ சொன்னபடி திரும்புகிறாள், யாரோ சொன்னபடி சிரிக்கிறாள். நான் சொல்வது மயிலாள் என்ற அம்மாவைப் பேட்டி எடுத்த அன்று பதிவானது. கேள்வி கேட்டவள் பூங்குழலி. கேமராவைப் பிடித்தவன் நான். மூன்று வாரம் கழித்து அவளுக்கு டெங்கு வந்தது. ஆறாம் நாள் இறந்துபோனாள். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகியிருந்தது.

அதன் பிறகு பதினோரு மாதங்கள் போயிருக்கின்றன. எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பஞ்சுத் தூசி மாதிரி போயின. கம்பெனிக்குள் வெயில் விழும் இடத்தில் நின்று பார்த்தால் தூசி இறங்குவது தெரியும். தரையைத் தொடுவது மட்டும் தெரியாது.

எனக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் போட்டோ அறையில் வேலை. கோயம்புத்தூரில் விஸ்காம் படித்தேன். படம் எடுக்கப் படித்துவிட்டுப் பனியனைப் படமெடுக்கிறேன். குழந்தைகளின் உடுப்புகளை நைலான் நரம்பில் கட்டி வெள்ளைத் திரைக்கு முன்னால் தொங்கவிடுவோம். பிறகு கம்ப்யூட்டரில் நரம்பை அழித்துவிட்டால், யாரோ போட்டிருப்பதுபோல உடுப்பு காற்றில் நிற்கும். தலை இருக்காது, கை இருக்காது. வயிறு மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கும். ஃபேனைப் போட்டால் எல்லாம் மெதுவாக ஒரே பக்கம் திரும்பும். அந்த அறையில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

பூங்குழலி பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். அவள் எடுத்துக்கொண்டது பனியன் கம்பெனிகளில் புழங்கும் ஒரு பேச்சின் வரலாறு. "செக்கிங்குக்கு ஊமைப் பொண்ணுங்கதான் லாயக்கு. வாயாடாது, வேலை நடக்கும்." செக்கிங் என்றால் தைத்த உடுப்பில் குறை பார்க்கும் வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைக் கேட்டிருக்கிறேன். பாராட்டு என்று நினைத்தேன். பூங்குழலி அப்படி நினைக்கவில்லை. இதை முதலில் சொன்னது யார், எந்த வருடம், ஏன் பெண்களை மட்டும் சொன்னார்கள் என்று தேடிப் போனாள். பழைய 'ஆட்கள் தேவை' விளம்பரங்களைப் பிரதி எடுத்தாள். ஓய்வுபெற்ற சூப்பர்வைசர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். ஒருவர் அவளிடம், "ஆம்பள ஊமைக்குக் கோவம் வரும் சாமி. பொம்பள ஊமைக்கு வராது" என்றாராம். அதை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"வராதுன்னு இவருக்கு யாரு சொன்னது?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் கேட்டாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

ஆய்வேடு ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம். யாரைப் பற்றி எழுதினாளோ அவர்களால் அதைப் படிக்க முடியாது. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படித்தான் படம் எடுக்கும் யோசனை வந்தது. காது கேளாத ஏழு பெண்கள், ஏழு பேட்டிகள். அவர்களிடமே இரண்டு வருடம் உட்கார்ந்து சைகை மொழி கற்றுக்கொண்டாள். ஒரு வாக்கும் கொடுத்தாள். பல்கலைக்கழகத்தில் காட்டுவதற்கு முன்னால் அந்த ஏழு பேரும் படத்தைப் பார்க்க வேண்டும். அவர்கள் சரி என்று சொன்னால்தான் வெளியே காட்டுவது.

ஆறு பேட்டிகளை அவளே போனில் எடுத்தாள். ஏழாவதான மயிலாளின் பேட்டிக்கு மட்டும் என்னைக் கூட்டிப் போனாள். ஒரு கேமராவை ஸ்டாண்டில் வைத்து, அவளே குனிந்து பார்த்து, மயிலாளின் தலையிலிருந்து இடுப்புவரை தெரிவதுபோல் நிறுத்தினாள். "கை முழுசும் விழணும்" என்று சொல்லிவிட்டுப் போய் எதிரில் உட்கார்ந்தாள். இன்னொரு கேமரா என் கையில் இருந்தது. அதை எங்கே திருப்ப வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நான் அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் போன பிறகு, அவளுடைய பேராசிரியர் சித்ரகலா பேட்டிகள் இருந்த ஹார்டு டிஸ்க்கை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க முடிச்சா நல்லா இருக்கும் சிவராஜ். முடியலைன்னாலும் பரவாயில்லை" என்றார்.

முடித்தேன். நான்கு மாதம் ஆனது. லீவு நாட்களின் மத்தியானங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவேன். திரையில் முகங்கள் வரும், போகும். சில சமயம் அப்படியே தூங்கிவிடுவேன். விழித்தால் அதே முகம் அதே இடத்தில் காத்திருக்கும்.

பூங்குழலி எடுத்த பேட்டிகளில் கைகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. கண்ணை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. முகம்தான் படம் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முகம் திரையை நிறைக்கும்வரை ஒவ்வொன்றையும் பெரிதாக்கினேன். அவள் செய்து வைத்திருந்த மொழிபெயர்ப்பைக் கீழே எழுத்துகளாக ஓடவிட்டேன்.

மயிலாளின் பேட்டியில் கடைசிப் பகுதியை மட்டும் அவள் மொழிபெயர்த்து முடிக்கவில்லை. அங்கேதான் பூங்குழலி சிரிக்கிறாள். முதலில் உதட்டைக் கடிக்கிறாள். பிறகு கண்ணாடியைக் கழற்றுகிறாள். பிறகு மடியில் கவிழ்ந்துவிடுகிறாள், தோள் குலுங்குகிறது. நிமிரும்போது கண்ணில் நீர். மறுபடியும் கவிழ்கிறாள். நான்கு நிமிடம்.

அந்த நேரம் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வந்த மஹ்னூர் என்ற பெண் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். பூங்குழலியும் மயிலாளும் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேமராவை ஆடாமல் பிடித்திருந்தேன். பைக்கில் திரும்பும்போது, "எதுக்கு அப்படிச் சிரிச்சே?" என்று கேட்டேன். "ஊட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள் பின்னாலிருந்து. வீட்டுக்கு வந்தோம். கேஸ் தீர்ந்திருந்தது. சிலிண்டருக்கு அலைந்தோம். அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த நான்கு நிமிடத்தை வெட்டாமல் படத்தின் முடிவில் வைத்தேன். சிரிப்புச் சத்தத்தை எடுத்துவிட்டு மெல்லிய இசை ஒன்று போட்டேன். எழுத்து போட என்னிடம் ஒன்றும் இல்லை. சித்ரகலா வந்து பார்த்தார். "கண்ணைத் துடைக்காம யாரும் எந்திரிக்க மாட்டாங்க" என்றார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக அரங்கில் திரையிடுவதாக முடிவாயிற்று.

வாக்கு ஒன்று பாக்கி இருந்தது. அதற்காகத் திரையிடலுக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

காங்கயம் ரோட்டில் லேபிள் அச்சடிக்கும் கடைக்கு மேல் ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாதவர்கள் அங்கே கூடுவார்கள். காலை பத்து மணிக்கு முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்டது ஃபேனும் வளையல்களும்தான். ஜன்னல் வெயிலில் கைகளின் நிழல் சுவர் முழுக்க ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் செருகியது.

"வாங்ணா. தூங்கீட்டே வந்தீங்களா?" என்றாள் மஹ்னூர். அவள் எங்கள் கம்பெனியிலேயே கியூசி, தரம் பார்ப்பவள். அவளுக்குக் காது கேட்கும். அவளுடைய அம்மா சைதுன்னிசா அந்த ஏழு பேரில் ஒருவர்.

"நல்லாருக்கீங்களா?" என்று சைதுன்னிசாவைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் மகளிடம் கையால் ஏதோ சொன்னார்.

"இளைச்சுப் போயிட்டீங்களாம். அம்மா இப்படித்தாங்ணா, எல்லாத்தையும் அளந்துட்டேதான் பேசுவாங்க. எங்கூட்டுலயே பெரிய வாயாடி இவங்கதான். எங்க அத்தா லைட்டை அணைச்சாத்தான் இவங்க பேச்சு நிக்கும்."

சைதுன்னிசா மகளின் வாயைப் பார்த்துவிட்டு அவள் தலையில் தட்டினார்.

மயிலாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது. கொமரலிங்கத்திலிருந்து பதினெட்டு வயதில் இங்கே வேலைக்கு வந்தவர். என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். பிறகு, நான் லேப்டாப்பை இணைத்திருந்த டிவியைக் காட்டினார். போடு என்று அர்த்தம். அது எனக்கே புரிந்தது.

போட்டேன்.

முதல் பத்து நிமிடம் யாரும் அசையவில்லை. பிறகு சைதுன்னிசா எழுந்து பர்ஸைத் திறந்தார். செக்கிங் பெண்களிடம் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் எப்போதும் இருக்கும். துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று எது தெரிந்தாலும் அந்த இடத்தில் ஒரு அம்பு ஒட்டிவிடுவார்கள். சரிசெய்பவர் அம்பைப் பார்த்தால் போதும், விளக்கம் தேவையில்லை. சைதுன்னிசா ஒரு அம்பை உரித்து டிவியில் ஒட்டினார். படத்தின் மேல் ஒட்டவில்லை. கீழே, கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பில் ஒட்டினார். அம்பு தரையைப் பார்த்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து பக்கத்தில் இன்னொன்று ஒட்டினாள். பிறகு இன்னொருத்தி.

"ஏனுங்க, டிவில ஒட்டாதீங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மஹ்னூர் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அரை மணி நேரத்தில் விளிம்பு முழுக்க சிவப்பு அம்புகள். எல்லாம் தரையையே பார்த்தன. அவற்றுக்கு மேலே முகங்கள் ஒவ்வொன்றாக வந்து உதட்டை அசைத்துவிட்டுப் போயின. நான் அதைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ எடுத்த படம், யாருடைய டிவியோ என்பதுபோல.

கடைசியில் பூங்குழலி வந்தாள். உதட்டைக் கடித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். மயிலாள் எழுந்து போய் அவள் கன்னத்தின் மேல் ஒரு அம்பு ஒட்டினார்.

அவள் குனிந்தபோது அம்பு அவளுக்குப் பின்னாலிருந்த வெறும் சுவரைக் காட்டியது. நிமிர்ந்தபோது கன்னத்துக்கு வந்தது. மறுபடியும் சுவர். மறுபடியும் கன்னம்.

படம் முடிந்தது.

"என்ன தப்புங்க?" என்று மஹ்னூரிடம் கேட்டேன்.

"கை எங்கேன்னு கேக்கறாங்ணா."

"கீழதான் எழுத்து ஓடுதே."

அவள் அதைக் கையால் சொன்னாள். அறையே சிரித்தது. "எங்கம்மாவுக்கு எழுத்துன்னா சைஸ் லேபிள்தாங்ணா தெரியும். எஸ், எம், எல். மிஞ்சிப்போனா எக்ஸ்எல். எழுத்து இருக்கட்டும். நீங்க ஒரு படம் பாக்கறீங்கன்னு வைங்க. அதுல எல்லாரு வாயிலயும் துணியக் கட்டி உட்டிருக்குது. ரெண்டு மணி நேரம் பாப்பீங்களா?"

மயிலாள் என் முன்னால் வந்து நின்றார். அவருடைய கைகள் பெரியவை. பேசும்போது காற்று என் முகத்தில் பட்டது. மஹ்னூர் அவர் பக்கத்தில் நின்று அவர் பேச்சைத் தன் குரலில் சொன்னாள்.

"கடைசில இந்தப் புள்ள சிரிக்குது. பேசறது நானு. என்னையக் காணோம். பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க கண்ணு? ஊமை என்னமோ பண்ணுது, படிச்ச புள்ள அதைப் பாத்துச் சிரிக்குதுன்னு நெனைப்பாங்க."

"அவ அப்படிச் சிரிக்கிறவ இல்லீங்க."

"அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். படத்துக்குத் தெரியுமா?"

 மயிலாள் காற்றில் மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினார், செக்கிங் மேஜையில் பிரித்து வைக்கும் மூன்று குவியல் போல. நடுக்குவியலில் கையை வைத்தார்.

"மொதக் குவியல் ஓகே, அது இல்லியாம். ரிஜெக்ட்டும் இல்லியாம்" என்றாள் மஹ்னூர். "நடுவுல இருக்கறது ஆல்ட்டர். சரிபண்ணிக் கொண்டாரணும்."

"கையைக் காட்டணும்னா அவங்களைத்தான் காட்டணும். பூங்குழலியைப் படத்துலருந்து எடுத்துடணும்" என்றேன்.

"நடுவுல நடுவுல மாத்தி மாத்திக் காட்ட முடியாதுங்ளா?" என்று மஹ்னூரே கேட்டுவிட்டு மயிலாளிடமும் கையால் கேட்டாள். மயிலாள் ஒரு விரலால் தன் மணிக்கட்டை அறுப்பதுபோல் காட்டினார். "அப்படி வெட்டுனா பேச்சு பாதில போயிருமாம். கை மறைஞ்சா வார்த்தை மறைஞ்சுருமுங்ணா. அதுவும் சரிதான்."

"முடியாதுங்க" என்றேன். வயர்களைப் பிடுங்கினேன். "வேற எங்கயும் அவ முகம் இல்லீங்க."

மஹ்னூர் இதைச் சொல்லக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அறையில் எந்தக் கையும் அசையவில்லை. யாரும் அழவில்லை, என் தோளைத் தொடவுமில்லை. அவர்கள் செக் செய்துவிட்டார்கள். இனிமேல் அது என் வேலை.

மறுநாள் சித்ரகலாவுக்கு போன் செய்தேன்.

"அவங்களுக்கு சினிமா மொழி பழக்கமில்லை சிவராஜ். நம்ம படம் யுனிவர்சிட்டி ஆடியன்ஸுக்கும்தானே" என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். "ஆனா அவ வாக்குக் குடுத்திருக்கா. நீங்க எப்படி முடிவு பண்ணாலும் எனக்குச் சரி."

செவ்வாய்க்கிழமை போட்டோ அறையில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கம்ப்யூட்டரில் அந்த நான்கு நிமிடத்தைப் போட்டேன். ஹெட்போனில் இசை வந்தது. நானே போட்ட இசை. அன்று அதைத் தாங்க முடியவில்லை. சத்தத்தை அணைத்தேன். அதுவரை ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை.

சத்தம் போனதும் அவள் கண்கள் தெரிந்தன.

கண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. இடது பக்கம் போயின, கீழே இறங்கின, சட்டென்று மேலே ஏறின, அகலமாயின. முன்னால் ஓட்டினேன், பின்னால் ஓட்டினேன். நாற்பத்தியொரு நிமிடமும் அப்படித்தான் இருந்தது. எதிரில் இருந்த முகத்தை அவள் எப்போதாவதுதான் பார்த்தாள். மற்ற நேரமெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது, நான் வெட்டி எறிந்ததை.

அப்படியே மேஜையில் தலையை வைத்தேன். தூங்கினேனா என்று தெரியாது. வெள்ளைத் திரைக்கு முன்னால் உடுப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சட்டையின் கையிலிருந்தும் சின்னச் சின்னக் கைகள் வெளியே வந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. அவசரமான பேச்சு. யாரோ வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஃபேன் சுற்றியது, அவை மெதுவாக ஒரே பக்கம் திரும்பின, என்னைப் பார்க்காத பக்கம்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டேன். லேப்டாப்பில் ஸ்டாண்டு கேமராவின் பதிவை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். மஹ்னூர் லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல என்ன சொல்றாங்க?"

திரையில் மயிலாள் தலையிலிருந்து இடுப்புவரை இருந்தார். இடது ஓரத்தில் அவ்வப்போது சில விரல்கள் வந்துபோயின. பூங்குழலியின் விரல்கள். மோதிரம் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்த மஹ்னூருக்குப் புரையேறியது. வாயிலிருந்த சோறு லேப்டாப்பில் தெறித்தது.

"யா அல்லா. எங்கம்மா இதை எனக்குச் சொன்னதே இல்லீங்ணா." சிரிப்பும் இருமலும் அடங்கியதும் சொன்னாள். "மயிலம்மாவுக்கு அப்ப முப்பது வயசிருக்குமாம். ஃபாரின்லருந்து சரக்கு வாங்கற பையர் வந்திருக்காங்க, ஒரு வெள்ளக்காரம்மா. மேனேஜர் டேபிள் டேபிளாக் கூட்டிட்டு வர்றாரு. காது கேக்காத இவங்க நாலு பேருகிட்ட வந்ததும் வாய்மேல விரல வெச்சுக் காட்டறாரு. பொறவு கட்டைவிரலத் தூக்கறாரு. பேச மாட்டாங்க, நல்ல புள்ளைங்கன்னு பெருமை. பாத்தா அவரு பேண்ட்டு ஜிப்பு தொறந்து கெடக்குது."

"அய்யோ."

"நாலு பேரும் கையிலயே சண்டை. நீ சொல்லு, நான் மாட்டேன், நீ சொல்லு. அந்தாளு அதையும் அந்தம்மாகிட்டக் காட்டறாரு, வேலையப் பத்தி பேசிக்கறாங்கங்கற மாதிரி. மயிலம்மா பாத்தாங்க. ஒரு அம்ப உரிச்சாங்க. அவரு சட்டை நுனியில ஒட்டிட்டாங்க. கீழ பாத்து."

பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்திருக்கிறேன்.

"அந்தம்மா பாத்துட்டுச் சிரிச்சுருச்சாம். இவரு அந்த அம்போட கம்பெனி முழுக்கச் சுத்தியிருக்காரு. அடுத்த நாளு இவங்க நாலு பேரையும் சுவத்தப் பாத்து உக்கார வெச்சுட்டாங்களாமுங்ணா. ஒருத்தரு கைய ஒருத்தரு பாக்கக் கூடாதுன்னு. ஏழு வருசம்."

"ஏழு வருஷம் பேசாமயா இருந்தாங்க?"

"எங்க இருந்தாங்க? பக்கத்துல இருக்கறவங்க முழங்கையில எழுதுவாங்களாம். தொடையில தட்டுவாங்களாம். துணிப் பீசு மடிக்கற மாதிரியே பேசுவாங்களாம். வெளிய இருந்து பாத்தா வாயும் அசையாது, கையும் அசையாது. அதைப் பாத்துட்டுத்தான் எல்லாக் கம்பெனிலயும் அந்த மேனேஜர் சொல்லிட்டுத் திரிஞ்சாராம். ஊமைப் புள்ளைங்கன்னா அப்படி இருக்கணும்னு."

பூங்குழலி தேடிய இடம் இதுவாக இருக்கலாம். ஊமைப் பெண் பேசமாட்டாள் என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. முதலில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். பிறகு சொன்னார்கள். இந்தக் கடைசிப் பகுதியை எழுத அவளுக்கு நேரம் இருக்கவில்லை. நானோ ஏழு பேரையும் மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தேன்.

"இந்த ஓரத்துல இருக்கற கை என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

மஹ்னூர் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். "பூங்குழலிக்கா சிரிச்சு வயிறு வலிக்குதுங்கறாங்க. போதுங்கறாங்க. இங்க மயிலம்மா கேக்கறாங்க, உன்ற ஊட்டுக்காரன் என்ன உன்னையே புடிச்சுட்டு நிக்கறான், கேமராவ இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு, பேசறது நானா நீயான்னு."

"அதுக்கு?"

அவள் இரண்டு முறை பார்த்தாள். உறுதி செய்துகொள்வதற்காக.

"இருக்கட்டும் உடுங்கங்கறாங்க."

அந்த வாரம் முழுக்க மாலையில் உட்கார்ந்து படத்தை மறுபடி வெட்டினேன். ஆறு பேட்டிகளையும் பழைய அளவுக்குச் சுருக்கினேன். முகங்கள் பின்னால் போயின, கைகள் வந்தன. எழுத்துகளைத் திரையின் மேல்பக்கம் ஏற்றினேன். மயிலாளின் கதைக்கு மஹ்னூர் சொன்னதையே எழுதினேன்.

பூங்குழலியின் முகத்தை எப்படியாவது வைக்கப் பார்த்தேன். திரையை இரண்டாகப் பிரித்தேன். கைகள் சிறுத்துப்போயின. மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு அதில் அவளை வைத்தேன். கட்டம் மயிலாளின் வலது முழங்கையை மறைத்தது. இன்னும் சிறிதாக்கினேன். இன்னும் சிறிதாக்கியபோது அது முகம் போலவே இல்லை, பொட்டு போல இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். இசையையும் எடுத்தேன். அவள் சிரிப்புச் சத்தத்தைத் திரும்ப வைத்தேன்.

அவளிடமிருந்து படத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். இடது ஓரத்தில் வந்துபோகும் விரல்கள், ஒரு சிரிப்பு. அதையும் அந்த ஏழு பேர் கேட்கப் போவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே அறை. அதே டிவி. அம்புகளை யாரோ உரித்துத் துடைத்து வைத்திருந்தார்கள். நான் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

படம் ஓடியது. இந்த முறை அறை சும்மா இருக்கவில்லை. திரையில் ஒருத்தி சொன்னதற்குப் பின்வரிசையிலிருந்து ஒருத்தி பதில் சொன்னாள். இருவர் அதை மறுத்தார்கள். ஒரு பெண் திரையில் தன்னையே பார்த்துத் தன்னோடு சேர்ந்து பேசினாள், பாடத் தெரிந்த பாட்டுக்குக் கூடவே பாடுவதுபோல. சைதுன்னிசா எழுந்தார். பர்ஸைத் திறந்தார்.  அவர் திரையில் தெரிந்த தன் உருவத்தின் இடுப்புப் பக்கம் ஒரு அம்பு ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"குண்டாத் தெரியறாங்களாம். அதுக்கு ஆல்ட்டர் இல்லைம்மான்னு சொல்லிட்டேன்" என்றாள் மஹ்னூர்.

மயிலாளின் கதை வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. பார்க்க அங்கே எனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். அவர்கள் கண்கள் இடது பக்கம் போயின, கீழே இறங்கின, சட்டென்று மேலே ஏறின. முப்பது ஜோடிக் கண்கள். ஒருத்தி உதட்டைக் கடித்தாள். ஒருத்தி கண்ணாடியைக் கழற்றினாள். அந்த அசைவுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

சட்டை நுனியில் அம்பு ஒட்டும் இடம் வந்ததும் அறை வெடித்தது. தங்கள் சிரிப்பைத் தாங்களே கேட்டிராதவர்களின் சிரிப்பு. ஒருத்தியுடையது விசில் போல ஏறியது, ஒருத்தியுடையது வயிற்றிலிருந்து உருண்டு வந்தது, சைதுன்னிசா நாற்காலியைக் கையால் அடித்தார். டிவியில் பூங்குழலியும் அப்போதுதான் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எது அவளுடையது என்று பிரிக்க முடியவில்லை.

மயிலாள் மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து திரையில் தன் கைகள் பேசி முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் நின்றதும் என் பக்கம் திரும்பினார். காற்றில் மூன்று குவியல்களைக் காட்டினார். முதல் குவியலில் கையை வைத்தார்.

மஹ்னூர் அதை மொழிபெயர்க்கவில்லை. அவளை யாரோ பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்ணா, அந்த இடத்தை இன்னொருக்காப் போடோணுமாம். சிரிச்சதுல கண்ண மூடிட்டாங்களாம். பாதிப் பேச்சு போயிருச்சாம்."

போட்டேன்.